மாறாத பாட்டு

அம்மாவைத் தூக்கும் நேரம் வந்தபோது இலுப்பையூரணித் தெருவே அழுதது. வடிவு மட்டும் அழவில்லை.

வாசலில் பேச்சிமுத்து பாடிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற மனுஷன். நாலுவழிச்சாலையில் அடிபட்டுக் கிடப்பவர்களை அள்ளிக்கொண்டு போவது, ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடப்பது, அந்தக் காத்திருப்பில் பாட்டுக் கட்டுவது என்று போயிற்று அவர் பாதி ஆயுள். அம்மாவின் கடைசி மூச்சு பிரிந்தது அவர் வண்டியில்தான். அதனால் யாரும் கூப்பிடாமல் தானாக வந்து நின்று பாடினார். மேளம் இல்லை, மைக் இல்லை. வெறும் குரல். பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கயிற்றைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்கள்.

அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த வடிவு, கூட்டத்தில் யாரோ சத்தம் போடுகிறார்கள் என்பதுபோல் அவரை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். பெரியம்மாக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

செண்பகவல்லி தங்கையைத் தேடிக்கொண்டு போனாள். அடுப்படிக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் வடிவு குத்தவைத்திருந்தாள். இரண்டு காதிலும் இயர்பட். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

செண்பகம் ஒன்றைக் கழற்றித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். அழவைக்கிற மாதிரி அதில் ஒன்றுமே இல்லை. ஒரு பெண்குரல், சொல் புரிந்தும் புரியாமலும் இழுத்துக்கொண்டிருந்தது. தாளம் நிற்பதுபோல் வந்து நழுவியது. கனவில் பேசுகிறவர் பேச்சைப் பக்கத்தில் படுத்திருப்பவர் கேட்பது போலிருந்தது.

"உனக்கு அது புரியாதுக்கா," என்றாள் வடிவு. "அது எனக்குப் பாடுறது."

"வாசல்ல பேச்சிமுத்தண்ணன் பாடுறாரே, அது கேக்கலையா உனக்கு?"

"அவரு பாட்டுக்குப் பாடுறாரு. நான் எப்படி இருக்கேன்னு அவருக்கு எங்க தெரியுது?"

செண்பகத்துக்கு அந்த வார்த்தை அம்மாவின் சாவைவிடப் பெரிதாகத் தைத்தது.

*

வடிவின் காதில் பாடிக்கொண்டிருந்த கம்பெனிக்கு ஆங்கிலத்தில் என்னவோ ஒரு பெயர் உண்டு. ஊரில் எல்லாரும் மிதவை என்றார்கள். மிதவையில் பாட்டு எப்போதும் ஒரே மாதிரி நிற்காது. கேட்கிறவரின் மனசுக்குத் தக்கபடி மிதந்துகொண்டே இருக்கும். அதை எதிர்த்து எழும்பியதுதான் செண்பகத்தின் 'கரிசல்'. கோவில்பட்டி, விளாத்திகுளம், சங்கரன்கோவில் பக்கத்துப் பாட்டுக்காரர்களும் கேட்கிறவர்களும் சேர்ந்து நடத்துகிற கூட்டுறவுச் சங்கம். மூடிப்போன, தீப்பெட்டி செய்கிற ஒரு ஆபீஸின் கொட்டகையில் ஒலிப்பதிவு அறையும், பாட்டுகளை வைத்து அனுப்புகிற எந்திரங்களும் இருந்தன. பாடினவர் பாடினபடியே கேட்கலாம், விரும்பினால் வாங்கிச் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். கேட்கிறவர் கொடுப்பது நேரே பாடினவருக்குப் போய்ச் சேரும். ஒரு சுரமும் மாறாது. அதுதான் சங்கம் கொடுத்த வாக்கு.

எந்திரங்களைப் பார்த்துக்கொண்டவன் ஆரோக்கியதாஸ். மிதவையில் வேலை பார்த்து, மனசு கேட்காமல் உதறிவிட்டு வந்தவன். காரியம் முடிந்த மறுவாரம் செண்பகம் அவன் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"அந்தக் கருமம் என்னதான் செய்யுது தாஸு? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு."

"இயர்பட்டு காதுக்குள்ள தோல் வழியா நாடி, வேர்வை, தசை இறுகுறது எல்லாத்தையும் பார்த்துக்கிடும்க்கா. நீங்க லேசா சலிச்சா தாளம் மாறும். கண்ணு கலங்குற மாதிரி இருந்தா அந்த இடத்தையே இன்னும் கொஞ்சம் இழுக்கும். பாடினவரோட குரலை வச்சுத்தான் செய்யும். ஆனா அவரு பாடினதுன்னு எதுவும் மிஞ்சாது."

"வருஷக்கணக்கா அதையே கேட்டா?"

"பிறந்ததுலேருந்து கூழே குடிச்ச பிள்ளைக்குப் பல்லு எதுக்குக்கா? நிக்கிற பாட்டக் கேக்குறதுன்னா நாமதான் அதுக்கிட்ட போகணும். மெல்லணும். மிதவை கேட்ட காது மெல்லுறத மறந்துரும். பாட்டு மட்டுமில்ல, எதிர்ல ஒருத்தர் அழுதாலும், அது தனக்குத் தக்கபடி மாறலையேன்னு சலிக்கும்."

"விட்டுட்டா பழையபடி வருமா?"

"சிலருக்கு வருதுன்னு சொல்றாக."

அவன் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னதைச் செண்பகம் கவனித்தாள். ஆனாலும் 'வருது' என்கிற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வடிவு அருப்புக்கோட்டையில் பள்ளிக்கூட டீச்சர். புருஷன் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி கடலோடு போய்விடும். அந்தத் தனிமையில்தான் மிதவை அவள் காதில் குடிவந்தது. "அம்மாவுக்கு அழாதவன்னு ஊர் பேசுது. பேசட்டும். ஆனா எனக்கே பயமா இருக்குக்கா," என்றாள். "என்னைப் பழைய ஆளா ஆக்கு." நீண்ட லீவு போட்டுவிட்டு அக்கா வீட்டிலேயே தங்கினாள். மிதவையைப் போனிலிருந்து அழித்துவிட்டு, அதே இயர்பட்டில் கரிசல் பாட்டுகளைக் கேட்க ஆரம்பித்தாள்.

முதல் வாரம் கேலி செய்தாள். "சுவத்துக்கிட்டப் பேசுற மாதிரி இருக்குக்கா." இரண்டாவது வாரம் கேலியும் நின்றுபோனது. தட்டில் சோறு காய்ந்தது. அக்கா பேசப் பேச, வேறு ஏதோ தாளத்துக்குக் காத்திருப்பவள்போல உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். "நீ பேசுறதுகூட எனக்காகப் பேசுற மாதிரி இல்ல," என்றாள் ஒருநாள். கோபமாகச் சொல்லவில்லை. காய்ச்சல்காரி நாக்கு கசக்கிறது என்பதுபோலத்தான் சொன்னாள்.

ஒரு நண்பகலில் தாஸ் அவளைத் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விட்டான். தண்டவாளத்து ஓரமாக நடந்துகொண்டிருந்தாளாம். "சும்மா காத்தாட நடந்தேன்," என்றாள் வடிவு. தாஸ் பைக்கை அணைக்காமலே திருப்பிக்கொண்டு நேரே கொட்டகைக்குப் போனான்.

அதற்கப்புறம் கொஞ்ச நாளில்தான் அது நடந்தது. செண்பகம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பின்னால் விசும்பல் கேட்டுத் திரும்பினாள். வாசற்படியில் வடிவு. கன்னமெல்லாம் ஈரம்.

"பேச்சிமுத்தண்ணன் பாட்டுக்கா," என்றாள். "இப்பத்தான் எனக்குக் கேக்குது. அம்மா செத்தது இப்பத்தான் கேக்குது."

அக்காளும் தங்கையும் அன்று கட்டிக்கொண்டு அழுதார்கள். அம்மா போய் அத்தனை நாள் கழித்து, அந்த வீட்டில் அப்போதுதான் சாவு விழுந்த மாதிரி இருந்தது.

*

செண்பகம் அதைப் போகிற இடமெல்லாம் சொன்னாள். "காது திரும்பி வரும். என் கூடப்பிறந்தவளே சாட்சி." மேடையில் சொன்னாள், பேட்டியில் சொன்னாள். மிதவையில் மூழ்கினவர்களின் அம்மாக்களும் புருஷன்மார்களும் போனில் அழுதபோது சொன்னாள். ஆட்கள் வந்தார்கள். முன்பெல்லாம் வந்தவர்கள் ஒரு வாரத்தில் 'ஒட்டலை' என்று போய்விடுவார்கள். இப்போது வந்தவர்கள் தங்கினார்கள். சங்கம் தழைத்தது. பறை அடிக்கிற பையன்கள் சங்கத்துப் பங்கை நம்பிக் கல்யாணம் பண்ணினார்கள். பேச்சிமுத்துவுக்கு மிதவைக்காரர்கள் ஆள் அனுப்பி, குரலை மட்டும் கொடுத்துவிடச் சொன்னார்கள். "என் குரல வெளிய விட்டுட்டு நான் ஊமையாத் திரியவா?" என்று அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

செண்பகம் தன் பங்குக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தாள். கொட்டகையிலிருந்து வீட்டுக்கு நடக்கிற தூரம் முழுக்க, எல்லா உறுப்பினர்களையும்போல இயர்பட் மாட்டிக் கரிசலில் பாட்டுக் கேட்டுக்கொண்டே போவாள். அந்த நடைதான் அவள் நாளின் நல்ல நேரம். பேச்சிமுத்து பாட்டு வந்தால் தெருமுனையில் நின்று முடித்துவிட்டுத்தான் கதவைத் திறப்பாள்.

அடுத்த வருஷம் சங்கத்தின் ஆண்டுவிழா வந்தது. பேச்சிமுத்து முதல்முறையாகப் பெரிய மேடையில் பாடப்போகிறார். தூத்துக்குடியிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள். வாசலிலேயே இயர்பட்டைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டார்கள். இன்று வெறுங்காதால் கேட்கப்போகிறோம் என்று ஆளாளுக்குச் சிரித்துக்கொண்டார்கள். பேச்சிமுத்துவின் கழுத்தில் மாலைக்கு மேல் மாலை விழுந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார்.

"சங்கூதிப் போற வண்டி
தள்ளி நில்லு ஊரே
உள்ள கெடக்கிறவன் பேரு
ஒனக்கும் பேருதானே..."

செண்பகம் முதல் வரிசையில் இருந்தாள். என்னவோ சரியில்லை என்று பட்டது. தொண்டை கட்டியிருக்கிறதோ? நேற்று வண்டியில் அலைச்சலோ? பின்னால் நாற்காலிகள் கிரீச்சிட்டன. யாரோ இருமினார்கள். இரண்டாவது பாட்டுக்குள் மண்டபம் முழுக்க ஒரு சின்ன அசைவு பரவிவிட்டது, பந்திக்கு நேரமானவர்களைப்போல. மேடையில் அவர் நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருந்தார். வடிவு கைகளை மடியில் கோத்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் மரியாதைக்குக் கைதட்டினார்கள். எட்டயபுரத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் செண்பகத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவுகளுக்கு மேலுக்குச் சொகமில்லையா? நான் தெனமும் கேக்குற பாட்டு இது இல்லையே. 'ஒனக்கும் பேருதானே'ங்கிறதுக்கு முன்னால ஒரு மூச்சு வாங்குவாக. அந்த மூச்சுலதான் எனக்கு உசுரே போகும்."

"மூச்சா?" என்றார் பக்கத்தில் நின்ற சாத்தூர்க்காரர். "அங்க மூச்சு வாங்க மாட்டாரும்மா. குரல் உடையும். அப்படியே பீங்கான் விழுந்த மாதிரி."

"உடையாது. நான் எத்தனை தடவை கேட்டிருக்கேன்."

"நானும்தானம்மா கேட்டிருக்கேன்."

செண்பகத்துக்குத் தெரிந்து அந்த இடத்தில் குரல் மெல்லத் தாழ்ந்து, காதோடு பேசுவதுபோல் ஆகும். அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மண்டபத்தின் கடைசியில், தூண் பக்கத்தில் நின்ற தாஸைப் பார்த்தாள். அவன் அங்கே இல்லாததுபோல் நிற்க முயன்றுகொண்டிருந்தான்.

*

மறுநாள் காலையில் கொட்டகையில் அவள் கேட்டவுடன் அவன் ஒத்துக்கொண்டான். ஒளிக்கவில்லை.

"வடிவக்கா அன்னைக்குத் தண்டவாளத்து ஓரத்துல நடக்கல. நடுவுல உக்காந்திருந்தாக. 'ஏதாவது ஒரு பாட்டு என்னைத் திரும்பிப் பாக்கட்டும் தாஸு, இல்லன்னா என்னை விட்டுரு'ன்னாக. எனக்கு அந்த வேலை தெரியும். தெரிஞ்சுக்கிட்டு எப்படிக்கா சும்மா இருக்க?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வேண்டாம்னுருப்பீக. மிதவை வேலைய நம்ம பாட்டுலயும் கொஞ்சூண்டுதான் போட்டேன். மருந்து மாதிரி. குறைச்சுக்கிட்டே வந்து நிறுத்திரலாம்னு நினைச்சேன்."

"நிறுத்துனியா?"

"அவுக அழுதாக. நீங்க ஊரெல்லாம் சொன்னீக. உங்க பேச்ச நம்பி வந்தவுக ஒவ்வொருத்தரும் அதே மாதிரி காதோடதான் வந்தாக. ஒரு வாரத்துல போயிருவாக. போனா சங்கம் இல்ல. இத்தனை பாட்டுக்காரங்க திரும்ப மிதவை வாசல்ல போய் நிப்பாக." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "யார் குரலையும் திருடலக்கா. பாடினவுகளுக்கு உள்ளது ஒழுங்காப் போகுது. கேக்குறவுகளுக்குத்தான் கொஞ்சம்..."

"கேக்குறவுகளத்தானே திருடியிருக்க."

அவன் எந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எல்லாருக்குமா போட்ட?"

"எல்லாருக்கும். ஆள் பார்த்துப் பிரிக்க முடியாதுக்கா. இயர்பட் போட்டாலே வேலை செய்யும்."

செண்பகம் அந்தப் பதிலை, ஏமாந்துபோன உறுப்பினர்களின் கணக்கில் மட்டும் வைத்துக்கொண்டாள். அவளுக்கு இருந்த ஆத்திரத்தில் வேறெதுவும் தோன்றவில்லை.

பேச்சிமுத்துவிடம் அவளே போய்ச் சொன்னாள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியின் பின்கதவைத் திறந்துபோட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். குழாயை மூடினார்.

"அப்ப அன்னைக்கு அத்தனை மாலையும் யாருக்குத் தாயி போட்டாக?"

பதிலுக்குக் காத்திராமல் மறுபடியும் குழாயைத் திறந்துவிட்டார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் வடிவு காலைப் பிடிக்காத குறைதான். "அமத்தாதக்கா. உன் சங்கத்துக்காகக் கேக்கல. எனக்காகக் கேக்கேன்."

"அது பொய்டி. நீ அம்மாவுக்கு அழுததே பொய்."

"அழுதது நான்தானே?" என்றாள் வடிவு. "தண்ணி என் கண்ணுலதானே வந்துச்சு? உண்மைய நீயே வச்சுக்க. எனக்கு அழுகை வேணும்."

செண்பகம் தாஸிடம் அதை அமர்த்தி நிறுத்தச் சொன்னாள். என்ன நடந்தது என்பதைத் தன் குரலிலேயே பதிவு செய்து, எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்பினாள். மன்னிப்புக் கேட்டாள். 'இனி நீங்கள் கேட்கப்போவது பாடினவர் பாடியதுதான். முதலில் கசக்கும். பொறுத்திருங்கள்' என்றாள்.

திட்டினவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்கள். மழை விட்டதும் கோயில் மண்டபத்தில் ஒதுங்கினவர்கள் கலைவதுபோலப் போனார்கள். எட்டயபுரத்து அம்மாள் மட்டும் போனில் கூப்பிட்டு, "நெசமாவே முயற்சி பண்ணுனேம்மா," என்று சொல்லிவிட்டு வைத்தாள். பறைக்காரப் பையன்களில் இரண்டு பேர் மிதவைக்குத் தங்கள் குரலையும் பறைத் தாளத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களில் அதைச் சொல்ல வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனான்.

வடிவு தன் சேலைகளை மடித்துப் பைக்குள் வைத்தாள். அருப்புக்கோட்டை பஸ் ஏறும்போது அவள் காதில் இயர்பட் இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, முகம் தெளிந்து, லேசாகத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் தனக்கா பாட்டுக்கா என்று செண்பகத்துக்குத் தெரியவில்லை.

*

ஒரு மாசம் கழித்துப் பேச்சிமுத்து கொட்டகைக்கு வந்தார். காக்கிச் சட்டையோடு, டூட்டி முடிந்து நேராக வந்திருந்தார்.

"புதுசா ஒண்ணு கட்டியிருக்கேன். கேக்க ஆளிருக்கோ இல்லையோ, நீ ஒருத்தி இருக்கேல்ல. அது போதும்."

செண்பகத்துக்கு உடம்பில் உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. தாஸ் இன்னும் வேலையை விட்டுப் போகவில்லை. போகச் சொல்ல அவளுக்கும் மனசு வரவில்லை. அவன் மைக்கைச் சரிசெய்தான். பேச்சிமுத்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். செண்பகம் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒயர் வைத்த பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

அவர் பாடத் தொடங்கினார். வண்டியில் ஏற்றும்போது உயிரோடிருந்து, இறக்கும்போது இல்லாமல் போன ஒரு கிழவியைப் பற்றிய பாட்டு. கிழவி வழியில் கேட்டது ஒரே கேள்விதான். மக்கமாருக்குச் சொல்லியாச்சா. செண்பகத்தின் அம்மாதான் அது. பெயர் மட்டும் சொல்லவில்லை.

சொல் ஒவ்வொன்றும் அவளுக்குத் தெளிவாக விளங்கியது. சுருதி பிசகவில்லை, தாளம் பிசகவில்லை. ஆனால் எதுவும் அவளை வந்து தொடவில்லை. எங்கேயோ ஒருவர் தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தார்.

அவள் பாட்டை நிறுத்தாமல் தாஸ் பக்கம் திரும்பினாள். "இதுலயும் எதையோ பண்ணி வச்சிருக்க."

"இல்லக்கா."

"குரல் செத்துக் கெடக்கு தாஸு. எதையோ வடிகட்டுற."

"மைக்குலேருந்து நேரா ஒயர்க்கா. நடுவுல ஒண்ணுமே இல்ல."

அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். எழுந்து போய்க் கனத்த கதவைத் தள்ளித் திறந்து, அவர் நின்ற அறைக்குள்ளேயே நுழைந்தாள். கதவு பின்னால் சாத்திக்கொண்டது. பேச்சிமுத்து கண் திறக்கவில்லை. கைநீட்டினால் தொடுகிற தூரம். அவர் மூச்சின் சூடு தெரிந்தது. கழுத்து நரம்பு ஏறி இறங்கியது. காக்கிச் சட்டையில் வேர்வை படர்ந்துகொண்டிருந்தது. அந்த மனுஷர் தன்னிடமுள்ள எல்லாவற்றையும் கொட்டிப் பாடுகிறார் என்பது அவளுக்குக் கண்ணால் தெரிந்தது.

அவள் காத்திருந்தாள். அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். கொட்டகையிலிருந்து வீட்டுக்கு நடந்த அத்தனை சாயங்காலங்களும், தெருமுனையில் நின்று கண் கலங்கியதும் நினைவுக்கு வந்தன. அந்தக் கலக்கத்தைத் தந்தது இந்தக் குரல் இல்லை. இப்போது குரல் மட்டும்தான் இருந்தது. அது அவளைப் பார்க்காமல் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

பாட்டு முடிந்தது. பேச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கண் திறந்தார். எதிரில் அவள் நிற்பதைப் பார்த்து ஒரு நிமிஷம் திகைத்து, பிறகு கூச்சத்தோடு சிரித்தார்.

"எப்படி இருக்கு தாயி?"

ஒரு பாட்டுக்காரரிடமும் அவள் இதுவரை பொய் சொன்னதில்லை.

"இன்னொரு தடவை பாடுங்கண்ணே," என்றாள்.

நல்லாயிருந்ததால்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அவர் சந்தோஷமாகத் தொண்டையைச் செருமினார்.